ஏரியில் விழுந்த கோடாலி

ருஷ்ய தேசத்தின் வடக்கே, ஒனேகா ஏரியின் நடுவிலுள்ள ஒரு தீவில், நெஸ்தர் என்று ஒரு தச்சன் இருந்தானாம். ஒரே ஒரு கோடாலியைத் துணையாகக் கொண்டு 22 குவிமாடங்கள் வைத்த ஒரு மரக் கோயிலை அவன் கட்டி முடித்தான். உச்சிக் குவிமாடத்தில் சிலுவையைப் பொருத்திவிட்டுக் கீழே இறங்கி வந்தான். சற்றுத் தள்ளி நின்று அண்ணாந்து ஒரு முறை பார்த்தான். பிறகு கோடாலியை ஓங்கி ஏரிக்குள் வீசி எறிந்தான். இதைப் போல் ஒன்று முன்பும் இருந்ததில்லை, இனிமேலும் இருக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டானாம்.

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இந்த மாதிரிக் கதைகளின் மேல் ஒரு சபலம் உண்டு. நம் பக்கத்தில் சிற்பியின் கையை ராஜா வெட்டினான் என்று ஊருக்கு ஒரு கதை சொல்லுவார்கள். அங்கே ராஜாவுக்கு வேலை வைக்காமல் தச்சனே முந்திக்கொண்டான், அவ்வளவுதான் வித்தியாசம். முதல் தடவை படித்தபோது நான் அப்படியே நம்பினேன். என்றைக்காவது ஒரு நாவலில் சேர்க்கலாம் என்று நோட்டுப் புத்தகத்தில் குறித்தும் வைத்தேன். பிறகு அந்தக் கோயிலைப் பற்றி மேலும் மேலும் படிக்க நேர்ந்தது. படிக்கப் படிக்க நெஸ்தர் மங்கிப்போனான். அவன் நின்ற இடத்தில் வேறு யார் யாரோ வந்து நின்றார்கள். அவர்களைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

தீவின் பெயர் கீஷி. அந்தப் பக்கத்துக் கரேலிய பாஷையில் விளையாட்டுக் கூடும் இடம் என்று பொருள் சொல்கிறார்கள். ஐரோப்பாவிலேயே இரண்டாவது பெரிய ஏரி ஒனேகா. மழைக் காலத்தில் நம் வீராணத்தைப் பார்த்துவிட்டு, 'சமுத்திரம்!' என்று வியக்கிறவர்கள் நாம். அந்த ஏரியில் கரை தெரியாது. குளிர்காலத்தில் முழுவதும் உறைந்து கிடக்கும். கோடையில் பெத்ரோசவோத்ஸ்க் என்ற நகரத்திலிருந்து படகேறி அந்தத் தீவுக்குப் போகலாம். நான் போனதில்லை. படத்தில் பார்த்திருக்கிறேன். தண்ணீரும் புல்வெளியுமாக ஒரு பொட்டல். அதன் நடுவே வெள்ளி முலாம் பூசிய வெங்காயங்களை அடுக்கடுக்காக வைத்தாற்போல் ஒரு கோபுரம். 37 மீட்டர் உயரம். கட்டிய வருஷம் 1714.

அதன் பக்கத்தில் ஒன்பது குவிமாடங்களுடன் இன்னொரு கோயில் இருக்கிறது. பெரியது கோடைக் கோயில். அதற்குக் கணப்புக் கிடையாது. சின்னது குளிர்காலத்துக்கு. இரண்டுக்கும் நடுவில் 1862இல் எழுந்து, 1874இல் மறுபடி கட்டிய மணிக்கூண்டு. மூன்றுமே முழுக்க முழுக்க மரம்.

மரக் கட்டடம் என்றதும் நமக்குத் தூணும் உத்தரமும் பலகையுந்தான் ஞாபகம் வரும். இது அந்த ஜாதி அல்ல. காட்டில் வெட்டிய பைன் மரத்தைப் பட்டை உரித்து, அறுக்காமல் பிளக்காமல் முழுசாகப் படுக்க வைத்து, அதன் மேல் இன்னொன்று, அதன் மேல் இன்னொன்று என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். மூலையில் இரண்டு மரங்கள் சந்திக்கிற இடத்தில் ஒன்றில் பிறை வடிவமாகக் குடைந்து மற்றதை அதில் உட்கார்த்துவார்கள். எட்டு மரம் எட்டு மூலையில் இப்படி உட்கார்ந்தால் ஒரு சுற்று. கீஷிக் கோயிலின் உடம்பு அந்த எண்கோணந்தான். பெரிய எண்கோணத்தின் மேல் அதைவிடச் சிறியது, அதன் மேல் அதைவிடவும் சிறியது; நாலு திசையிலும் நாலு புடைப்புகள். அவற்றின் தோளிலும் தலையிலும் குவிமாடங்கள். சொல்லப்போனால் கணக்கு எளிது. அந்த எளிய கணக்கிலிருந்து அத்தனை சிங்காரம் எப்படி வந்தது என்பதுதான் ஆச்சரியம்.

ஆணியே இல்லாமல் கட்டியது என்று பெருமையாகச் சொல்லுவார்கள். பாதி நிஜம். சுவரில் ஆணிக்கு வேலை இல்லை. மரத்தின் பாரமும் மூலைப் பொருத்தும் அதைப் பிடித்துக்கொள்கின்றன. ஆனால் குவிமாடங்களின் மேல் மீன் செதிலைப் போல ஒட்டியிருக்கும் மர ஓடுகள் ஆணியில்தான் நிற்கின்றன. சுமார் 30,000 ஓடுகள். ஒவ்வொன்றும் ஆஸ்பென் என்ற மரத்தில் கோடாலியால் வளைத்துச் செதுக்கியது. புதிதாக இருக்கும்போது அது தேன் நிறம். வெயிலும் பனியும் பட்டு நாளடைவில் வெள்ளியாகிவிடும். முலாம் என்று நான் முன்னே சொன்னது இதைத்தான்.

கோடாலி, கோடாலி என்று சொல்லிக்கொண்டே போகிறேனே, ரம்பம் கிடையாதா என்று கேட்கலாம். விஷயம் இருக்கிறது. ரம்பம் மரத்தின் நாரைக் கிழித்து வாயைத் திறந்து வைத்துவிடும். திறந்த வாயில் தண்ணீர் இறங்கும். தண்ணீர் இறங்கிய இடத்தில் உளுக்கும். நல்ல கோடாலி வீச்சோ நாரை அழுத்தி வாயை மூடிவிடும். அந்தத் தச்சர்களின் புத்தி முழுவதும் தண்ணீரை ஏமாற்றுவதிலேயே இருந்தது. மேல் மரத்தின் வயிற்றில் நீளக் காடி எடுத்து, கீழ் மரத்தின் முதுகில் கவிழ்த்து உட்கார்த்துவார்கள். மழை வழிந்து போகுமே தவிர உள்ளே தேங்காது. இடுக்கில் பாசியை வைத்து அடைப்பார்கள். கூரைப் பலகைக்கு அடியில் பூர்ஜ மரப் பட்டையைப் பரப்புவார்கள். நம் பெரியவர்கள் சுவடி எழுதிய அதே இனத்துப் பட்டைதான். அங்கே அது மழைக் காகிதம். இவ்வளவுக்கும் மேல், கோபுரத்தின் வயிற்றுக்குள் யார் கண்ணுக்கும் தெரியாமல் இரண்டாவதாக ஒரு கூரை சரித்து வைத்திருக்கிறார்கள். மேல் கூரை ஒழுகினால் அந்தத் தண்ணீரை ஏந்தி வெளியே விடுவதற்கு! தன் வேலை ஒரு நாள் ஒழுகத்தான் போகிறது என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு அதற்கும் வழி பண்ணி வைத்த மனிதன், இனி இதைப் போல் இருக்காது என்று கோடாலியை வீசியிருப்பானா? எனக்கு அப்போதே சந்தேகம் தட்டியது.

சந்தேகம் சரிதான். ஒனேகாவின் தெற்கே, வீதெக்ரா என்ற ஊருக்கு அருகில், கீஷிக்கு ஆறு வருஷம் முந்தி, 1708இலேயே இதே சாயலில் பல குவிமாடங்களோடு ஒரு மரக் கோயில் எழுந்திருந்தது. கூட்டிக் கழித்துப் பார்த்தால், ஏரியைச் சுற்றி ஊர் ஊராகப் போய் வேலை செய்த தச்சர் கூட்டங்கள் இருந்திருக்கின்றன. ஒரு இடத்தில் செய்து பார்த்ததை அடுத்த இடத்தில் இன்னும் கொஞ்சம் திருத்தமாகச் செய்திருக்கிறார்கள். கோடாலியை எறிகிற வழக்கம் அவர்களுக்குக் கிடையாது. அடுத்த ஊரில் வேலை காத்திருக்கும். கீஷியில் கட்டியவர்களில் ஒருவர் பெயர்கூட நமக்கு மிஞ்சவில்லை.

1714 என்ற வருஷத்தை மறுபடியும் பாருங்கள். அந்த வருஷந்தான் மகா பீட்டர், தன் புதிய தலைநகரமான பீட்டர்ஸ்பர்க்கைத் தவிர தேசத்தில் வேறெங்கும் கல் கட்டடம் எழுப்பக் கூடாது என்று உத்தரவு போட்டான். கல் முழுவதும் அவன் நகரத்துக்கு வேண்டியிருந்தது. ஸ்வீடனோடு 1700இலிருந்து யுத்தம். பீரங்கிக்கு இரும்பு வேண்டுமென்று 1703இல் ஒனேகாக் கரையில் ஒரு வார்ப்படச் சாலை வைத்தான். அதைச் சுற்றி வளர்ந்த நகரந்தான் நான் முன்பு சொன்ன பெத்ரோசவோத்ஸ்க். பெயருக்கே 'பீட்டரின் தொழிற்சாலை' என்றுதான் அர்த்தம். சுற்று வட்டாரத்துக் குடியானவர்களைத் தொழிற்சாலைக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். விறகு வெட்ட, கரி சுட, தாது சுமக்கக் கூப்பிட்டபோதெல்லாம் போக வேண்டும். உழவு நாளில் கூப்பிட்டாலும் போக வேண்டும்.

கதையில் வராத மனிதர்கள் இங்கேதான் வந்து நிற்கிறார்கள். காதரின் ராணியின் காலத்தில் இந்தச் சுமை இன்னும் ஏறியது. தலைநகரத்து மாளிகைகளுக்குச் சலவைக்கல் வேண்டுமென்று தீவ்தியா என்ற இடத்துச் சுரங்கத்துக்கும் குடியானவர்களை விரட்டினார்கள். 1769இல் அவர்கள் மறுத்துவிட்டார்கள். வரியைக் கேள், தருகிறோம். சுரங்கத்துக்கு வரமாட்டோம் என்பது பேச்சு. கிளிமெந்த் சோபலெவ் என்ற குடியானவன் மனு எடுத்துக்கொண்டு பீட்டர்ஸ்பர்க்வரை போனான். அவர்கள் கூடிப் பேசிய மையம் கீஷி. அந்த 22 குவிமாடங்களின் கீழேதான் கூட்டம் கூடியது. இரண்டு வருஷம் தாக்குப் பிடித்தார்கள். 1771 கோடையில் சைனியம் பீரங்கியோடு வந்து கோயில் முற்றத்தில் கூடியிருந்த ஜனங்களின் மேல் சுட்டது. தலைவர்களைச் சவுக்கால் அடித்து, சைபீரியாவின் நெர்ச்சின்ஸ்க் சுரங்கங்களுக்கு ஆயுள் முழுவதும் நாடு கடத்தினார்கள்.

அந்தக் கூட்டத்தில் நின்றவர்களில் பலருடைய பாட்டன்மார்கள் அந்தச் சுவர்களை அடுக்கியிருப்பார்கள். அந்தப் பாட்டன்மாருடைய பெயர்கள்தான் நமக்குக் கிடைக்கவில்லை. பேரன்மார் சிலருடைய பெயர்கள் தண்டனைப் பட்டியலில் பத்திரமாக இருக்கின்றன. சரித்திரத்தில் ஏழையின் பெயர் பெரும்பாலும் இந்த ஒரு வழியாகத்தான் ஏறுகிறது.

மூன்று வருஷம் கழித்து, 1774இல், ஏரியின் மேற்குக் கரையில் கொண்டபோகா என்ற ஊரில் ஒரு மரக் கோயில் எழுந்தது. கொத்துக் கொத்தான குவிமாடங்கள் இல்லை. தனியாக ஒரே கூம்பு, 42 மீட்டர் உயரம். கீஷியில் இறந்தவர்களின் நினைவாகக் கட்டினார்கள் என்று அந்த வட்டாரத்து ஜனங்கள் சொல்லுவார்கள். அந்தக் கோயிலுக்குப் பிறகு வருகிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாகரிகம் கீஷிக்கும் வந்து சேர்ந்தது. உருட்டு மரம் தெரிவது பட்டிக்காட்டுத்தனம் என்று சுவர் முழுவதும் பலகை அடித்து மூடி, குவிமாடங்களுக்கு இரும்புத் தகடு போர்த்தினார்கள். தொலைவிலிருந்து பார்த்தால் கல் கட்டடம் போலத் தோன்ற வேண்டுமாம். நம் ஊரில் கருங்கல் தூணுக்குப் பச்சைப் பெயிண்ட் அடிக்கிற தர்மகர்த்தாக்களை நினைத்துக்கொண்டேன். 1949இலிருந்து பத்து வருஷம் அலெக்சாண்டர் ஓபலோவ்னிகோவ் என்ற கட்டடக் கலைஞர் அந்தப் போர்வையை உரித்தார். ஆஸ்பென் ஓடுகளைத் திரும்பக் கொண்டுவந்தார். உலகம் பூராவும் படத்தில் பார்ப்பது அவர் மீட்டுக் கொடுத்த உருவந்தான். அவரைக் குறை சொல்லுகிறவர்களும் உண்டு. பலகைப் போர்வை அசிங்கமாக இருந்தாலும் மழையைத் தாங்கிக்கொண்டது, உரித்த பிறகுதான் சுவர் நனைந்தது என்பது அவர்கள் கட்சி. இரண்டு கட்சியிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஓபலோவ்னிகோவ் செய்த இன்னொரு காரியத்தில் இரண்டு கட்சி இல்லை. ஊர் ஊராகப் போய் மரக் கோயில்களை அளந்து படம் போட்டு வைத்தார். 1708இல் எழுந்த அந்த வீதெக்ராக் கோயில் 1963இல் எரிந்து போயிற்று. 2008இல் பீட்டர்ஸ்பர்க்குக்குப் பக்கத்தில் அதைப் புதிதாகக் கட்டியெழுப்ப முடிந்ததென்றால், அவருடைய படங்கள் இருந்ததனால்தான்.

கீஷிக் கோயில் எரியவில்லை, சாய ஆரம்பித்தது. அடி மரங்கள் உளுத்துவிட்டன. 1980இல் கதவைச் சாத்தினார்கள். நாலு அடுக்காக 102 திருவுருவப் படங்கள் பதித்த உள்மறைப்பைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, கோயிலின் வயிற்றுக்குள் ஓர் இரும்புச் சட்டத்தை நிறுத்தினார்கள். விதானத்திலிருந்த 'வானம்' என்ற ஓவியம் இரண்டாவது மகா யுத்தத்திலேயே போய்விட்டது. மரம் ஈரத்துக்கு ஊதும், வறட்சிக்குச் சுருங்கும், பாரத்தால் கொஞ்சங் கொஞ்சமாக அமுங்கும். இரும்புக்கு அந்தப் பழக்கம் எதுவும் கிடையாது. இரண்டும் ஒரே வீட்டில் குடித்தனம் பண்ண முடியுமா? சட்டம் விழாமல் பிடித்துக்கொண்டதே தவிர நோயைத் தீர்க்கவில்லை. 1990இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் என்று பட்டம் கொடுத்தது. அதன் பிறகும் விவாதந்தான் நடந்தது. முழுவதும் பிரித்து அடுக்கலாமா? பிரித்தால் அது அதே கோயிலா? அப்படியே விட்டு வைப்பதா?

இதே விவாதம் எங்கள் வீட்டுக் கூடத்திலும் ஒரு தரம் நடந்தது. எனக்குப் பன்னிரண்டு வயது. தாத்தா கட்டிய வீட்டில், கூடத்து உத்தரம் சுவரில் நுழைகிற இடத்தில் கறையான் பிடித்துவிட்டது. அப்பா ஆசாரியை அழைத்து வந்தார். கிழவர் ஏணியில் ஏறி, உளியின் பிடியால் தட்டிக்கொண்டே போனார். சத்தம் மாறின இடத்தில் நிறுத்திக் கரியால் கோடு போட்டார்.

"இந்த ரெண்டடிதான் ஐயா செத்திருக்கு. மிச்சம் பன்னெண்டடி வைரம். செத்ததை வெட்டிட்டு அதே ஜாதி மரத்திலே ஒட்டுக் கொடுத்திடறேன்" என்றார்.

"எதற்கு இந்த வம்பு? மொத்தமாக எடுத்துவிட்டு இரும்பு கர்டர் போட்டுவிடலாமே" என்றார் அப்பா.

ஆசாரி அப்பாவுக்குப் பதில் சொல்லவில்லை. ஏணியடியில் நின்ற என்னைப் பார்த்து, "ஒரு பல்லு விழுந்துதுன்னா ஆளையே கொண்டு போய் வெச்சிடுவாங்களா, தம்பி?" என்றார்.

கர்டர்தான் வந்தது. செலவும் குறைவு, நாளும் குறைவு. அப்பாவின் மேல் தப்பில்லை. அந்த வருஷம் எங்கள் நிலைமை அப்படி. பன்னிரண்டடி வைரம் பாய்ந்த தேக்கு, விறகுத் தொட்டிக்காரனின் வண்டியில் போயிற்று. வண்டி தெருக்கோடி திரும்புகிறவரை ஆசாரி திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கூலி எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை.

அந்தக் கிழவர் சொன்னதைத்தான் கீஷியில் கடைசியில் செய்தார்கள். அதற்கு முன் ஒரு தடங்கல் இருந்தது. பழைய மாதிரி வேலை தெரிந்த கை எங்கும் மிச்சமில்லை. தகப்பனிடமிருந்து மகன் கற்றுக்கொள்கிற சங்கிலி எப்போதோ அறுந்துவிட்டது. அலெக்சாண்டர் போபோவ் என்பவர் அதற்கு ஒரு வழி கண்டார். அர்க்காங்கெல்ஸ்க் பிரதேசத்தில் ஊஃப்த்யூகா நதிக்கரையில் 1784இல் கட்டிய ஒரு மரக் கோயிலை 1981இலிருந்து 1988 வரை அவர் புதுப்பித்தார். கடையில் வாங்கிய கோடாலியால் வெட்டிப் பார்த்தால் பழைய மரத்தில் இருக்கும் தழும்பு வரவில்லை. அந்தத் தழும்புகளையே பாடமாக வைத்துக்கொண்டு படித்தார். வெட்டின் வளைவு என்ன, ஆழம் என்ன, வெட்டியவன் எந்தப் பக்கம் நின்றான் என்று ஆராய்ந்தார். பழைய கோடாலிகளைத் தேடிப் பார்த்து அதே மாதிரி உலையில் அடிக்கச் சொன்னார். திரும்பத் திரும்ப வெட்டிப் பழகினார். மரத்தில் அதே தழும்பு விழுந்தது. குருவே இல்லாமல், குரு விட்டுப்போன காயத்திலிருந்து வித்தையைக் கற்ற கதை இது. நெஸ்தரின் கதையை நோட்டுப் புத்தகத்தில் அடித்துவிட்டு அந்த இடத்தில் இதை எழுதி வைத்தேன்.

கீஷியின் வேலை 2010ஐ ஒட்டித் தொடங்கியது. கோயிலைக் குறுக்காக ஏழு பட்டைகளாகப் பிரித்துக்கொண்டார்கள். வயிற்றில் சும்மா நின்றிருந்த இரும்புச் சட்டத்துக்கு அப்போது ஒரு வேலை கிடைத்தது. மேலேயுள்ள ஆறு பட்டைகளையும் ஜாக்கிகளால் மெல்லத் தூக்கி அந்தச் சட்டத்தில் தொங்க விட்டார்கள். அடிப் பட்டையை மட்டும் கழற்றி, மரத்துக்கு மரம் எண் போட்டு, பக்கத்திலிருந்த கொட்டகைக்குக் கொண்டுபோனார்கள். குவிமாடங்கள் ஆகாயத்தில் இருக்க, கீழே சுவர் இல்லாமல் வெட்ட வெளி தெரிகிற படம் ஒன்று இருக்கிறது. பார்த்தால் வயிற்றைக் கலக்கும். கொட்டகையில் ஒவ்வொரு மரத்தையும் தட்டிப் பார்ப்பார்கள். உளுத்த இடத்தை மட்டும் வெட்டி, கரேலியக் காட்டுப் பைனில் அதற்குச் சரியாக ஒரு துண்டைச் செதுக்கிப் பொருத்துவார்கள். வளையங்கள் நெருக்கமாக உள்ள மரமாகப் பார்த்துத்தான் எடுப்பார்கள். முழுவதும் செத்துப்போன மரத்துக்கு மட்டுந்தான் புது மரம். கொட்டகையிலேயே ஒரு முறை அடுக்கிச் சரிபார்த்து, பிறகு இடத்தில் கொண்டுபோய் வைப்பார்கள். அது முடிந்த பின் அடுத்த பட்டை. அஸ்திவாரத்திலிருந்து உச்சிவரை இப்படியே ஏறினார்கள். எல்லாம் முடிந்த பிறகும் பாதிக்கு மேல் 1714இன் மரந்தான். தீவிலேயே இளைஞர்களுக்குத் தச்சு வேலை சொல்லிக் கொடுக்க ஒரு பயிற்சி நிலையமும் ஏற்பட்டது.

கொண்டபோகாவுக்கு வருவதாகச் சொன்னேன். கீஷியில் இந்த வேலை முடிகிற தறுவாயில், 2018 ஆகஸ்டு 10ஆம் தேதி, அந்த 42 மீட்டர்க் கூம்பு எரிந்து போயிற்று. தீ வைத்தவன் பதினைந்து வயதுப் பையன். இருநூற்று நாற்பத்து நாலு வருஷத்து வேலைக்குச் சில மணி நேரம் போதுமானதாக இருந்தது. பன்னிரண்டு வயதில் விறகு வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றவனுக்கு அந்தப் பையனின் மேல் முழுக் கோபமும் வர மறுக்கிறது; ஆனால் எரிகிற கூம்பின் படத்தை என்னால் இரண்டாவது தடவை பார்க்க முடியவில்லை.

கீஷிக் கோயிலின் கதவை 2020இல், நாற்பது வருஷத்துக்குப் பிறகு, திறந்தார்கள். சுவரில் பழைய மரம் சாம்பல் நிறமாகவும் புதிய ஒட்டுகள் மஞ்சளாகவும் தனித்தனியே தெரிகின்றன. பைன் மரம் வெயில்பட்டு நிறம் மாறச் சில வருஷங்கள் பிடிக்கும். அதன் பிறகு எது எவர் வெட்டியது என்று சொல்ல வேண்டுமானால், பக்கத்தில் போய்க் கோடாலித் தழும்பைத் தடவிப் பார்க்க வேண்டியிருக்கும்.